வியாழக்கிழமைக்கு ஓர் ஆள் வேண்டும்

"உங்க கூட யாரு வர்றாங்க?" என்று ஆஸ்பத்திரிப் பெண் போனில் கேட்டாள்.

"யாரும் வேண்டாம். நானே வந்துடுவேன்."

"வர்றது சரிங்க. திரும்பக் கூட்டிட்டுப் போறது யாரு? மயக்க மருந்து குடுத்து ஆபரேஷன் பண்றோம். சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பிடுவோம். ஆனா அன்னைக்கு ராத்திரி பக்கத்துல ஒருத்தர் இருந்தே ஆகணும். பேரும் போன் நம்பரும் சொல்லுங்க."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! பித்தப்பை என்னுடையது, அதற்குள் உட்கார்ந்திருக்கிற கல்லும் என்னுடையது, நடுவில் இன்னொரு ஆள் எதற்கு? டாக்ஸி பிடித்துக்கொள்கிறேன் என்றேன். டாக்ஸி ஓட்டுகிறவர் ராத்திரி உங்களோடு தங்குவாரா என்று கேட்டாள். கிண்டல் செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா, புரியவில்லை. இந்த ஊரில் இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.

"திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் தரேன். ஆள் இல்லேன்னா வியாழக்கிழமை இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவோம். அப்புறம் மழைக்காலம் முடிஞ்சுதான் கிடைக்கும்."

மழைக்காலம் முடியும்வரை அந்த வலியோடு இருப்பதா? பட்டவர்களுக்குத்தான் தெரியும். வலது விலாவுக்குக் கீழே அம்மிக்குழவியை வைத்து அழுத்துகிற மாதிரி வரும். நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. போன மாதம் ஒருநாள் வேலை செய்கிற மேஜைக்கு அடியிலேயே சுருண்டு படுத்துவிட்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"பக்கத்து வீட்ல கேளேன்டி" என்றாள்.

"பக்கத்து வீட்டுக் கதவைத்தான் எனக்குத் தெரியும். பச்சைக் கலரு. மூஞ்சி தெரியாது."

"போய் நாலு வருஷம் ஆச்சு. ஒரு மனுஷியைக்கூடப் பழக்கம் பிடிக்கலையா நீ? பேசாம இங்க வந்துடு. தெருவே வந்து ஆஸ்பத்திரி வாசல்ல உக்காரும்."

அக்கா 'வந்துடு' என்றால் ஆபரேஷனுக்கு மட்டும் வரச் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர் என்று அர்த்தம். கல்யாணம் காட்சி இல்லாமல் ஐம்பதைத் தொடப்போகிற தங்கை எங்கேயோ கண்காணாத இடத்தில் பாஷை தெரியாத ஊரில் தனியாக இருப்பது அவளுக்குத் தொண்டையில் மாட்டிய முள். எனக்கோ இங்கே செய்கிற வேலை அவ்வளவு பிடித்திருக்கிறது. ஒரே ஒரு ஆள் கிடைக்காத காரணத்துக்காக இதை விட்டுவிட்டுத் திரும்பிப் போனால், அப்புறம் கண்ணாடியில் என் முகத்தை நானே பார்க்க மாட்டேன்.

என் வேலை பல் செய்வது. பல் டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதைப் பிளாஸ்டரில் வார்த்து, பீங்கான் மாவைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கு அடுக்காகப் பூசி, சின்ன அடுப்பில் சுட்டு எடுத்து, கேப் செய்து கொடுக்கிறவள் நான். சலவைக்கடைச் சந்தின் கடைசியில், ஒரே ஜன்னல் வைத்த பட்டறை. அலமாரி முழுக்க இந்த ஊர்க்காரர்களின் வாய்கள். எந்த வாயில் கடைவாய்ப்பல் தேய்ந்திருக்கிறது, யார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. அந்த வாய்க்கு மேலே இருக்கிற முகம் மட்டும் தெரியாது. ஒருவரும் பட்டறைக்கு வருவதில்லை. முதலாளி ஒருவர்தான் துணை. அவரும் அந்த வாரம் மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போகிறார். நம் ஆட்கள் என்று ஒரே ஒரு குடும்பம் இருந்தது. நான் வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் அவர்களுக்கு மாற்றல் வந்துவிட்டது.

ஆக, திங்கட்கிழமைக்குள் ஒரு சிநேகிதியைச் சம்பாதிக்க வேண்டும். கடையில் கிடைக்கிற சாமானா அது?

சலவைக்கடைக் கண்ணாடியில் ஓர் அறிவிப்பு ரொம்ப நாளாக ஒட்டியிருந்தது. 'ஞாயிறு காலை மலை நடை. புதியவர்கள் வரலாம்.' கீழே ஒரு போன் நம்பர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மேலே ஒன்றும் இல்லையாம். ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்குவார்களாம். வேலை வெட்டி இல்லாதவர்கள்! அந்தச் சனிக்கிழமை அந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். நடக்கலாம், எண்ணெய் வெண்ணெய் மட்டும் ஆகாது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை பஸ் கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன். ஒரு சிறு கும்பல் நின்றிருந்தது. இந்த ஊர் மொழியை நான் உடைத்து உடைத்துத்தான் பேசுவேன். ஆஸ்பத்திரிப் பெண் முதல் எல்லாரும் சொன்னதையும் நான் சொன்னதையும் நம் பேச்சிலேயே போட்டுவிடுகிறேன், உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம்.

கூட்டத்தை நடத்துகிறவள் கழுத்தில் ஆரஞ்சு நிற விசில் ஒன்று தொங்கியது. என் வயதுதான் இருக்கும். தொழிற்சாலையில் வேலைக்காரர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறவளாம். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விசில்காரி என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன். எல்லாருடைய ஷூ கயிற்றையும் குனிந்து பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டச் சொன்னாள்.

"யாருக்காவது உடம்புக்கு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. மேல போன பிறகு சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றவள், என் முன்னால் வந்து நின்றாள். "நீங்க புதுசு. உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க. கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நான் விசில் அடிச்சா ஒவ்வொருத்தரா 'இருக்கேன்'னு குரல் குடுக்கணும். ஒரு குரல் குறைஞ்சாலும் எல்லாரும் நிக்கணும். அவ்வளவுதான் சட்டம்."

ஏற ஆரம்பித்தோம். கற்களில் சிவப்புப் பெயிண்டால் அம்புக்குறி போட்டிருந்தது. பாதை வளைகிற இடமெல்லாம் விசில் அடிப்பாள். முன்னாலும் பின்னாலும் 'இருக்கேன்', 'இருக்கேன்' என்று குரல் வரும். முதல் தடவை எனக்கு வெட்கமாக இருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளையா நான் என்று. பாதி மலை ஏறுவதற்குள் எப்போது விசில் வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்குள் நான் இருக்கிறேனா இல்லையா என்று இந்த ஊரில் கேட்க யார் இருக்கிறார்கள்?

ஏறிக்கொண்டே ஆள் பார்த்தேன். பெண் பார்க்க வந்த மாமியார்கூட அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டாள். பக்கத்தில் நடந்தது ஓய்வுபெற்ற தபால்காரர். தங்கமான மனிதர், இந்த ஊரில் எந்த வாசலில் எந்த நாய் என்பதுவரை தெரிந்தவர். ஆனால் ஓர் ஆண்பிள்ளையை ராத்திரி வீட்டில் தங்க வைத்தேன் என்று தெரிந்தால் அக்கா அங்கே மயக்க மருந்து இல்லாமலே விழுந்துவிடுவாள். அடுத்தது வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண். நல்லவள்தான். ஆனால் அவள் வளர்க்கிற பூனைகளை ஒரு வேளைகூடத் தனியே விட மாட்டாளாம். பூனைக்கே இந்தக் கதி என்றால் என்னை எங்கே பார்ப்பாள்!

மிச்சம் விசில்காரிதான். பார்க்கப் பார்க்க இவள்தான் சரி என்று பட்டது. சொன்ன நேரத்துக்கு வருவாள். பையில் கட்டுத்துணி, மருந்து எல்லாம் வைத்திருக்கிறாள். கறார், ஆனால் கடுகடுப்பு இல்லை. உச்சிக்குப் போனதும் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எப்படிக் கேட்பது என்று வார்த்தை வார்த்தையாக மனசுக்குள் ஒத்திகையும் பார்த்தேன். கேட்டுப் பழக்கமில்லாத வாய். அதற்குப் பயிற்சி வேண்டாமா?

உச்சியில் இரும்புக் கம்பி போட்ட ஒரு மேடை. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பையைப் பிரித்தார்கள். நான் எண்ணெய் படாத காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் ஏதோ நாய் கதை சொன்னார். விசில்காரி தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். வெயில் நேராக அவள் பல்லில் விழுந்தது.

மேல் வரிசை, முன்பல் இரண்டு. இரண்டிலும் ஓரத்தில் உடைந்த நொய் அரிசி மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்தப் பல்லுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! ஒரு முன்பல் உடைந்து, அச்சு வந்திருந்தது. பக்கத்துப் பல்லில் பிறவியிலேயே ஒரு வெள்ளைப் புள்ளி. புதுப் பல்லைப் பளிச்சென்று செய்து வைத்தால் ஒட்டவைத்தது ஊருக்கே தெரியும் என்று, பீங்கானுக்குள் அதே மாதிரி ஒரு புள்ளியை வைத்துச் சுட்டேன். நாலு தடவை சுட்டும் சரியாக வராமல் உடைத்துப் போட்டேன். 'பல்லுக்கு மச்சம் வைக்கிறியா நீ?' என்று முதலாளி கத்தினார். ஐந்தாவது தடவை வந்தது. இரண்டும் கூடப் பிறந்ததுகள் மாதிரி வந்தது. அனுப்பிய பிறகு அது யார் வாயில் போய் உட்கார்ந்ததோ, என்ன சாப்பிட்டதோ, எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் தெரியுமா?

நான் செய்த பல் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்றேன். ரொட்டி மடியிலிருந்து உருண்டு போனது.

"ஐயோ, அது நான் செஞ்ச பல்லு!" என்று விரலை நீட்டிக் கத்தினேன்.

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. பிறகு என் விரல் போகிற திசையைப் பார்த்தது.

"எந்தப் பல்லு?" என்றார் தபால்காரர்.

"அவங்க முன்பல்லு! இடது பக்கம்! அது கேப். நான் செஞ்சது. அந்தப் புள்ளியைப் பாருங்க, நானே வச்சது!"

சந்தோஷத்தில் நான் என்ன பேசுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. விசில்காரி வாயை மூடிக்கொண்டாள். அப்போதாவது நான் மூடியிருக்கலாம்.

"ஏம்மா, உனக்குப் பல்லு உடைஞ்சுதா? எங்க கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் தபால்காரர். "விழுந்தியா? மலையிலயா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி?"

அவள் தரையைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் போலிருக்கிறது. "பாட்டில் மூடி" என்றாள்.

கூட்டத்தில் பிய்த்துக்கொண்டு போனது சிரிப்பு. வாரா வாரம் இவர்களை உட்கார வைத்து, பல்லால் எதையும் திறக்காதே, கத்தியை உன் பக்கம் பிடிக்காதே என்று பாடம் எடுக்கிறவளாம். தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே சொல்கிறவளாம். வங்கிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். விசில்காரி மட்டும் சிரிக்கவில்லை. காதுவரை சிவந்து போயிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயில் இருக்கிற ரகசியம் வாய்க்காரருடையது. அதை மறைக்கத்தானே நாலு தடவை உடைத்து ஐந்தாவது தடவை சுட்டேன்! என் கைவேலையை நானே என் வாயால் கெடுத்தேன். அடி மடச்சி, உனக்கு வாய் இருக்கிற லட்சணத்துக்கு ஆள் வேறு கேட்கிறதா!

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன் அவளிடம்.

"பரவாயில்லை" என்றாள். மரியாதையான குரல். அந்த 'பரவாயில்லை'யை நான் இந்த ஊரில் நிறையக் கேட்டிருக்கிறேன். கதவை மெதுவாகச் சாத்துகிற சத்தம் அது.

பாவம், தபால்காரருக்கு என் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு பெரிய கேக் துண்டை எடுத்து நீட்டினார். "எங்க வீட்ல செஞ்சது. சாப்பிடுங்க, எல்லாம் சரியாயிடும்." கையில் பிடித்தாலே விரல் பளபளக்கிறது, அவ்வளவு வெண்ணெய். ஒருவர் பிரியமாகக் கை நீட்டிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது நம் வளர்ப்பிலேயே கிடையாதே. அதுவும் அந்த நேரத்தில் அந்தக் கூட்டத்தில் என்னிடம் அன்பாக இருந்தது அவர் ஒருவர்தான். அழுகையும் கேக்குமாகச் சேர்த்து விழுங்கினேன்.

இறங்கும்போது விசில்காரி முன்னால் போய்விட்டாள். நான் வேண்டுமென்றே கடைசியில் நடந்தேன். நடக்க நடக்கத் தபால்காரரின் முதுகும் தூரமாகிவிட்டது. பாதி வழியில் விலாவுக்குக் கீழே அந்தக் குழவிக்கல் வந்து உட்கார்ந்தது. இன்னும் நாலடி, அந்த மரம் வரைக்கும், அந்தப் பாறை வரைக்கும் என்று என்னை நானே தள்ளிக்கொண்டு போனேன். பாறை வந்ததும் மடங்கிவிட்டேன்.

கீழே விசில் கேட்டது. 'இருக்கேன்' என்றார் ஒருவர். 'இருக்கேன்', 'இருக்கேன்.' என் முறை வந்தது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மறுபடியும் விசில். மறுபடியும் என் இடத்தில் சத்தம் இல்லை.

சரசரவென்று கல் உருள, அவள் மேலே ஓடி வந்தாள்.

"காலா? சுளுக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பின்ன என்ன? வாயைத் திறந்து சொல்லுங்க!"

"பித்தப்பைல கல்லு" என்றேன். "வியாழக்கிழமை ஆபரேஷன்."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "கேக் தின்னீங்களே! நான் பாத்தேனே!"

"அவர் குடுத்தாரு..."

"குடுத்தா? விஷத்தைக் குடுத்தாலும் வாங்கித் தின்னுடுவியா? கீழ நின்னு உன் மூஞ்சியைப் பாத்துத்தானே கேட்டேன், உடம்புக்கு ஏதாவது இருக்கான்னு? 'கல்லு மாதிரி இருக்கேன்'னு சொன்னியே, கூசாம! என் பல்லைப் பத்தி ஊருக்கே சொல்லத் தெரியுது, உன் வயித்தைப் பத்தி என் ஒருத்தி கிட்ட சொல்ல முடியலையா? இங்க உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் யாருக்குப் போன் பண்ணுவேன்? அறிவு வேண்டாம் ஒரு மனுஷிக்கு?"

அந்த மொழியில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நடுவில் அது 'நீ' ஆகிவிட்டது என் காதுக்கு நன்றாகக் கேட்டது.

கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அவள் பயந்துவிட்டாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"இல்ல. வலி கொஞ்சம் தேவலை. நீங்க திட்டுங்க."

"என்னது?"

"இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து என்னை யாருமே திட்டலை" என்றேன். "எல்லாரும் மரியாதையா இருக்காங்க. நான் பஸ்ஸை மறிச்சுக்கிட்டு நின்னாக்கூட 'பரவாயில்லை'ன்னுட்டுப் போயிடறாங்க. எங்க வீட்ல ஒருத்தி போன்ல திட்டுவா, அவ்வளவுதான். நேர்ல ஒருத்தர் திட்டிக் கேட்டு நாலு வருஷம் ஆச்சு."

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கையால்தான், என்னிடம் நீட்டினாள். இரண்டு வாய் குடித்தேன். வலியும் மெல்ல மெல்ல இறங்கியது.

"வியாழக்கிழமை உன் கூட யாரு வர்றாங்க?" என்று கேட்டாள்.

அதே கேள்வி. ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்றே தெரியவில்லை. ஆனது ஆகட்டும் என்று உள்ளதைச் சொன்னேன். "யாரும் இல்ல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஒரு பேரு சொல்லணும். இல்லேன்னா தேதி போயிடும். அதுக்கு ஆள் தேடித்தான் இன்னைக்கு மலை ஏறினேன். உங்களைத்தான் கேக்கலாம்னு இருந்தேன். இப்பக் கேக்க எனக்கு வாய் இல்ல."

"ஆள் தேடி வந்த இடத்துல அந்த ஆளோட பல்லையா புடுங்குவாங்க?" என்றாள். சிரிக்கவில்லை. என் பையைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக் கீழே வரைக்கும் கூட்டி வந்தாள். பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "வெறும் தண்ணி மட்டும் குடி. வேலை செய்யற இடம் எங்க?" என்று கேட்டாள். சலவைக்கடைச் சந்தைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பட்டறையில் ஒரு கடைவாய்ப்பல்லை வைத்துக்கொண்டு தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பில் இருந்த அவள் நம்பர் என் போனில்தான் இருந்தது. பத்து தடவை எடுத்துப் பார்த்து வைத்தேன். கேட்டுவிட்டோம், இனி அவள் பாடு. பல்லையும் பிடுங்கிவிட்டு நச்சரிக்கவும் செய்தால் நான் மனுஷியே இல்லை. பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

"பேரு கிடைச்சுதா?"

"கொஞ்சம் பொறுங்க."

"மத்தியானம் வரைக்கும்தான்."

போனை வைத்துவிட்டு அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். 'தோத்துட்டேன், வரேன்' என்று சொல்ல வேண்டும். அவள் ஜெயித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள், அதுதான் இன்னும் மோசம். அலமாரியில் இருந்த வாய்களை ஒரு சுற்று பார்த்தேன். இத்தனை வாய் இருந்து என்ன, எனக்காகப் பேச ஒன்று உண்டா?

கதவு திறந்தது. தொழிற்சாலை மஞ்சள் அங்கியும், கையில் தலைக்கவசமுமாக விசில்காரி நின்றாள். மூச்சு வாங்கியது. சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருக்கிறாள்.

"எங்க என் வாய்?" என்றாள் உள்ளே வந்ததும்.

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிளாஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் அந்த உடைந்த பல்லின் இடத்தைத் தடவினாள். பக்கத்தில் நான் உடைத்துப் போட்ட நாலு பல்லையும் ஒரு சின்ன டப்பாவில் வைத்திருந்தேன். அதையும் திறந்து பார்த்தாள்.

"இதெல்லாம் என்னுதா?"

"புள்ளி சரியா வரலை. அதான் உடைச்சேன்."

"அந்தப் பல்லு மாட்டின அன்னைக்குக் கண்ணாடியில பாத்துட்டு அழுதேன்" என்றாள். "எங்க அம்மாவுக்கும் இதே புள்ளி. உடைஞ்ச பல்லுலயும் அது இருந்துதுன்னு டாக்டருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நினைச்சேன்." டப்பாவை மூடி வைத்தாள். "நேத்து அவங்க சிரிச்சதுல எனக்கு ரொம்பக் கோபம். ராத்திரி பூரா உன்னைத் திட்டிக்கிட்டேதான் இருந்தேன். இப்பவும் கோபம் போயிடலை. ஆஸ்பத்திரி நம்பரைக் குடு."

நான் கொடுக்குமுன் அவளே என் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆமா, வியாழக்கிழமை. ஆமா, நான்தான் வரேன். ராத்திரியும் நான்தான். எழுதிக்கோங்க" என்று தன் பெயரையும் நம்பரையும் அதட்டலாகச் சொன்னாள். அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கும் இரண்டு திட்டு விழுந்தது, கேக் தின்னக்கூடாது என்று எனக்கு உறைக்கிற மாதிரி ஏன் சொல்லவில்லை என்று. எனக்குக் கை கால் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார நேரமில்லை என்று அவள் ஓடிவிட்டாள்.

வியாழக்கிழமை விடியும் முன்பே வந்து கதவைத் தட்டினாள். பச்சைக் கதவு திறந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். வயதான பெண்மணி, உருண்டை முகம். "ஆஸ்பத்திரிக்கு" என்று விசில்காரி அவளுக்குக் காரணம் சொன்னாள், நாங்கள் மூவரும் காலகாலமாகப் பழகியவர்கள் மாதிரி. சாயந்திரம் கஞ்சி கொண்டுவரட்டுமா என்று அந்த அம்மாள் கேட்டாள். நாலு வருஷம் நான் தட்டாமல் விட்ட கதவு அது.

ஆஸ்பத்திரியில் ஆளைப் படுக்க வைத்து, பச்சைத் துணியைப் போர்த்தி, வரிசையாக வைத்திருந்தார்கள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்கள். நர்ஸ் ஒருத்தி வந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? மோதிரம், சங்கிலி? மருந்து ஏதாவது ஒத்துக்காதா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். விசில்காரி கால்மாட்டில் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பதிலுக்கும், இவள் உண்மையைச் சொல்கிறாளா என்று சந்தேகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"பொய்ப்பல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இல்ல" என்றேன்.

"எனக்கு இருக்கு" என்றாள் விசில்காரி.

நர்ஸ் திரும்பினாள். "உங்களை இல்லைங்க. நோயாளியைத்தான் கேக்கறேன்."

"தெரியும். இருந்தாலும் சொல்றேன்." மேல் உதட்டை விரலால் தூக்கிப் பல்லைத் தட்டிக் காட்டினாள். குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. "பாட்டில் மூடியைப் பல்லால திறக்கப் போய் உடைச்சுக்கிட்டேன். இது இவ செஞ்ச பல்லு. புள்ளி வரைக்கும் அப்படியே செஞ்சிருக்கா. அதனால பாத்து, ஜாக்கிரதையா பண்ணச் சொல்லுங்க உங்க டாக்டர்கிட்ட."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். நர்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விசில்காரி எல்லாரையும் பார்த்துத் தானும் சிரித்தாள், வாயைப் பொத்தாமல். இரண்டு பல்லும் இரண்டு நொய்யும் நன்றாகத் தெரிந்தன.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு தாண்டுகிற இடத்தில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தேன். அவள் என் செருப்போடு அங்கேயே நின்றிருந்தாள். விசில் அடிக்க எனக்குத் தெரியாது. உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது.

"இருக்கேன்" என்றாள் அவள்.